ஆயிரமும் ஐந்தும்

காரைக்கால்
9.9.2024

அன்புள்ள தங்கை அல்லிக்கு,

அண்ணன் சோமசேகரன் எழுதுவது. நானும் உன் அண்ணியும் சுகம். நீயும் முத்தையன் மாப்பிள்ளையும் ஓவியாவும் சுகம்தானே? உன் முழங்கால் வீக்கம் வடிந்ததா?

போன ஞாயிற்றுக்கிழமை நீ வந்து போன பிறகு அண்ணி சொன்னாள்: "அல்லி ஏதோ சொல்லத்தான் வந்துச்சு. உங்ககிட்ட கத்த முடியாம அப்புடியே போயிருச்சு." இருக்கலாம். பழுது பார்த்த துப்பாக்கிகளை முப்பது வருஷமாகக் காதோரம் வைத்துச் சுட்டுப் பார்த்ததில் எனக்கு மிச்சமிருப்பது வலது காதில் கொஞ்சம். காது மிஷினை மாட்டினால் அது விசிலடிக்கிறது. என்னிடம் ஒன்று சொல்ல வேண்டுமானால் எதிர்வீட்டுக்கும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும்.

அதனால் இந்த ஏற்பாடு. எழுது. ஓவியாவை விட்டு போனில் தட்டி அனுப்பலாம்தான். ஆனால் அவள் படிக்காமல் தட்ட முடியாதே. அம்பகரத்தூருக்கு அரை மணி நேர பஸ். அதற்கு ஸ்டாம்பு ஒட்டுகிறேன் என்று தபால் நிலையத்துப் பெண் என்னை ஒரு மாதிரி பார்த்தாள்.

சித்திரையில் கூலியாள் மருதையன் மாப்பிள்ளை ஓட்டிய டிராக்டருக்கு அடியில் போய்ச் செத்ததிலிருந்து நீங்கள் பட்ட பாடு எனக்குத் தெரியும். வைக்கோல் நிழலில் ஒருவன் படுத்திருப்பது பின்னால் எடுக்கும்போது எப்படித் தெரியும்? மாப்பிள்ளை மேல் குற்றமில்லை என்று வழக்கும் முடிந்துவிட்டது. இனி வயலைப் பார்க்கச் சொல். சம்பா விதைப்பு ஆகிவிட்டதா?

கடையில் புதிதாக ஒன்றுமில்லை. மாதம் நாலைந்து பேர். வங்கிக் காவலாளிகள், கொல்லையில் பன்றி இறங்குகிறது என்று வரும் விவசாயிகள். தோட்டா விலை மட்டும் ஏறிக்கொண்டே இருக்கிறது.

உடம்பைப் பார்த்துக்கொள்.
அன்புடன்,
அண்ணன்


அம்பகரத்தூர்
16.9.2024

அன்புள்ள அண்ணனுக்கு,

அல்லி எழுதுகிறேன். இங்கே எல்லோரும் சுகம். உங்களுக்கும் அண்ணிக்கும் இறைவன் குறைவில்லாமல் வைக்கட்டும். முழங்கால் பரவாயில்லை. அங்கன்வாடியில் பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்து எழுந்தால்தான் பிடிக்கிறது.

சொல்ல வந்தேன் என்பதெல்லாம் இல்லை. உங்களைப் பார்க்கத்தான் வந்தேன். அண்ணி வைத்த இறால் குழம்பு இரண்டு நாள் நாக்கில் இருந்தது.

விதைப்பு முடிந்தது. ஆள் வைத்துச் செய்தோம். ஓவியா அப்பாவுக்குக் கொஞ்சம் அசதி, அதனால் நான்தான் நின்று பார்த்தேன். மற்றபடி குறையில்லை. ஓவியா பன்னிரண்டாம் வகுப்பு என்ற நினைப்பே இல்லாமல் தூங்குகிறாள்.

டிராக்டரை விற்றுவிட்டோம். நல்ல விலைக்குப் போனது.

நீங்கள் எழுதுவது பிடித்திருக்கிறது. நிறுத்த வேண்டாம்.
தங்கை,
அல்லி


காரைக்கால்
4.10.2024

அன்புள்ள அல்லிக்கு,

இங்கு நலம். அங்கு நலமறிய ஆவல். ஓவியாவின் காலாண்டுத் தேர்வு முடிந்திருக்கும்.

ஒரு விஷயம் மனதை அரிக்கிறது. வேறு யாரிடமும் சொல்லவில்லை. சென்ற வாரம் திருமலைராயன்பட்டினத்திலிருந்து கபீர் என்று ஒருவர் மகளோடு கடைக்கு வந்தார். துபாயில் இருந்துவிட்டு வந்து இப்போது ஜவுளிக்கடை வைத்திருக்கிறார். பெண்ணின் பெயர் சுஹைனா, இருபத்திரண்டு வயது. லைசென்ஸ் அவள் பேரில். அவர்களுக்கு ஆயிரம் தோட்டா வேண்டுமாம்.

ஆயிரம், அல்லி. என் கடையில் ஒரு வருஷத்தில் அவ்வளவு போகாது. ஐம்பது கேட்டவரையே நான் இரண்டு தடவை பார்த்திருக்கிறேன்.

"எதுக்கும்மா இம்புட்டு?" என்று கேட்டேன். வானத்தில் களிமண் தட்டை வீசி எறிவார்களாம், அதைச் சுட வேண்டுமாம். அது ஒரு போட்டியாம். ஒரு நாள் பயிற்சிக்கே நூறு ஆகிவிடுமாம். ஒரு ஃபைல் நிறைய காகிதம் கொண்டுவந்தாள். துப்பாக்கி சுடும் சங்கத்தின் கடிதம், அனுமதி, எத்தனை வாங்கலாம் என்ற அளவு எல்லாம் முத்திரையோடு. என் கண்ணுக்கு ஒரு குறையும் தெரியவில்லை.

அந்தக் கபீர் விலை பேசினார். "ஒண்ணு தொண்ணூறுன்னா ஆயிரத்துக்கு எங்க போறது? மொத்தமா எடுக்குறோம்ல, பாத்துப் போடுங்க" என்றார். எழுபத்தெட்டுக்கு ஒத்துக்கொண்டேன். தை பிறந்தால் விலை ஏறும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. அது கூட எனக்குச் சந்தேகமாகப் பட்டது. தோட்டா விலை இவருக்கு ஏன் தெரிய வேண்டும்? பேரம் பேசாமல் கொடுத்திருந்தால் அதையும் சந்தேகப்பட்டிருப்பேன் என்று இப்போது எழுதும்போது தோன்றுகிறது.

முன்பணம் வாங்கிக்கொண்டு, வரவழைக்க மூன்று வாரம் ஆகும் என்று சொல்லி அனுப்பினேன். பிறகு இரண்டு நாள் யோசித்தேன். நாளைக்கு ஏதாவது ஒன்று ஆனால் விற்றவன் யார் என்றுதான் முதலில் கேட்பார்கள். அதிகாரிகளுக்கு ஒரு கடிதம் எழுதிப் போட்டுவிட்டேன். விசாரிக்கட்டும், சரியாக இருந்தால் விட்டுவிடுவார்கள். நான் செய்தது சரிதானே?

மாப்பிள்ளை செவ்வாய்க்கிழமை கடைக்கு வந்தார். காபி குடித்துவிட்டுப் போனார். இளைத்த மாதிரி இருந்தார்.

அன்புடன்,
அண்ணன்


அம்பகரத்தூர்
14.10.2024

அன்புள்ள அண்ணனுக்கு,

நலம், நலமே வேண்டுகிறேன். அண்ணிக்கு சர்க்கரை கூடியிருப்பதாக பஸ்ஸில் பார்த்த உங்கள் தெருக்காரர் சொன்னார். இனிப்பைக் குறைக்கச் சொல்லுங்கள்.

நீங்கள் கேட்டதற்கு என்ன சொல்வது? கடைக்காரருக்கு இருக்கும் பயம் எனக்குத் தெரியாது. ஒன்று மட்டும் கேட்கிறேன், கோபிக்கக் கூடாது. எங்கள் தெரு ஆள் ஒருவர் மகளோடு அதே ஃபைலைக் கொண்டுவந்திருந்தால், ஆயிரம் கேட்டிருந்தால், நீங்கள் அந்தக் கடிதத்தை எழுதியிருப்பீர்களா?

எங்கள் அங்கன்வாடியில் ஒரு பிள்ளையின் உம்மா தினமும் வாசலில் நின்று, உள்ளே வரலாமா என்று கேட்டுவிட்டுத்தான் வருவாள். மற்றவர்கள் யாரும் கேட்பதில்லை. அதை நினைத்துக்கொண்டேன்.

ஓவியா அப்பா காரைக்கால் வந்தது எனக்குத் தெரியாது. உரக்கடைக்குப் போவதாகச் சொன்னார்கள். உங்கள் கடைக்கு எதற்கு வந்தார்கள்?

இங்கே வேறு செய்தியில்லை.
தங்கை,
அல்லி


காரைக்கால்
11.11.2024

அன்புள்ள அல்லிக்கு,

பதில் எழுத ஒரு மாதம் ஆகிவிட்டது. தீபாவளிக்கு நீங்கள் வராதது அண்ணிக்கு வருத்தம். ஊரில் காய்ச்சல் என்கிறார்கள், நீங்கள் எல்லோரும் நன்றாக இருக்கிறீர்களா?

நான் போட்ட கடிதம் வேலை செய்துவிட்டது. ஒரு காலை நேரம் ஜீப்பில் போய் கபீர் வீட்டைச் சோதனை போட்டிருக்கிறார்கள். பீரோ, மெத்தை, ஜவுளிக்கடை மூட்டைகள் எல்லாவற்றையும். பெண்ணின் துப்பாக்கியையும் ஃபைலையும் போனையும் சரிபார்க்க வேண்டும் என்று எடுத்துக்கொண்டு போனார்கள். தெருவே கூடி நின்றதாம். நான்கு வாரம் கழித்து, எல்லாம் ஒழுங்காக இருக்கிறது என்று திருப்பிக் கொடுத்தார்கள். அதற்குள் அவள் சுட வேண்டிய தேர்வுப் போட்டி முடிந்துவிட்டது. இனி அடுத்த வருஷம்தான்.

கபீர் கடைக்கு வந்து முன்பணத்தைத் திருப்பிக் கேட்டார். எழுதிப் போட்டது யாரென்று அவருக்குத் தெரியும். தெரியாத மாதிரியே பேசினார். "எனக்கு ஒண்ணும் இல்லைங்க. கடையைத் திறந்தா ஏவாரம் நடக்குது. புள்ளதான் ரூமை விட்டு வெளிய வர மாட்டேங்குது" என்றார். மிஷினை மாட்டியிருந்தேன். ஒவ்வொரு வார்த்தையும் கேட்டது.

மாப்பிள்ளை சும்மாதான் வந்தார். இந்தப் பக்கம் வேலையாக வந்தவர் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். வேறொன்றுமில்லை.

அன்புடன்,
அண்ணன்


அம்பகரத்தூர்
20.11.2024

அன்புள்ள அண்ணனுக்கு,

சுகம். நீங்களும் அண்ணியும் சுகமாக இருக்க வேண்டும். மழை விடவில்லை. வயலில் முழங்கால் தண்ணீர் நிற்கிறது.

நான் கேட்டதற்கு நீங்கள் பதில் எழுதவில்லை.

தங்கை,
அல்லி


காரைக்கால்
9.12.2024

அன்புள்ள அல்லிக்கு,

புயல் மழையில் வீட்டுக்குச் சேதம் ஏதும் இல்லையே? இங்கே கடைக்குள் இரண்டு படி வரை தண்ணீர் வந்தது. நாங்கள் நலம்.

எழுதியிருக்க மாட்டேன். அதுதான் பதில்.

உங்கள் தெரு ஆளாக இருந்தால், ஆயிரம் எதற்கு என்று கேட்டிருப்பேன், தட்டு சுடுவதற்கு என்று சொன்னால் அட என்று ஆச்சரியப்பட்டிருப்பேன், அண்ணியிடம் வந்து கதை சொல்லியிருப்பேன். காபி வாங்கிக் கொடுத்திருப்பேன். இந்தப் பெண்ணுக்குத் தண்ணீர் கூடக் கொடுக்கவில்லை. லைசென்ஸில் பெயரைப் படித்தேன், பிறகுதான் எண்ணிக்கையைக் கேட்டேன். அந்த வரிசையில்தான் என் மனசு போனது. ஒரு மாதமாக இதை எழுத உட்கார்ந்து எழுந்துகொண்டிருந்தேன்.

சரி. இனி உன்னைப் பற்றி. உன் கடிதங்கள் சிறுத்துக்கொண்டே வருகின்றன. தீபாவளிக்கு வரவில்லை, அண்ணி போன் செய்தால் இரண்டு வார்த்தையில் வைத்துவிடுகிறாய். டிராக்டரை விற்றீர்கள். மாப்பிள்ளைக்கு அசதி என்று மூன்று மாதத்துக்கு முன்னால் எழுதினாய். எந்த அசதி மூன்று மாதம் இருக்கும்? நான் உண்மையை எழுதிவிட்டேன். நீயும் எழுது.

அன்புடன்,
அண்ணன்


அம்பகரத்தூர்
16.12.2024

அன்புள்ள அண்ணனுக்கு,

நீங்களும் அண்ணியும் நலமாக இருங்கள். இங்கே நலமில்லை அண்ணா. இத்தனை கடிதத்திலும் நலம் நலம் என்று எழுதியதெல்லாம் பொய்.

செப்டம்பரில் சொல்லத்தான் வந்தேன். அண்ணி பக்கத்தில் இருந்தாள், வாசலில் ஆட்கள் இருந்தார்கள். கத்திச் சொல்கிற விஷயமா இது?

ஓவியா அப்பா வயலுக்குப் போவதை நிறுத்தி எட்டு மாதம் ஆகிறது. முதலில் மருதையன் வீட்டுக்குப் பத்துத் தடவை போனார்கள். அவன் பொண்டாட்டி ஒரு வார்த்தை திட்டவில்லை. "உங்க மேல தப்பு இல்லைங்க, அவரு விதி" என்று சொல்லி அனுப்பிவிட்டாள். திட்டியிருந்தால் தேவலாம் என்று என்னிடம் சொன்னார்கள். வழக்கு முடிந்த அன்று எல்லோரும் கை கொடுத்தார்கள். வீட்டுக்கு வந்து சாப்பிடாமல் படுத்தவர்கள்தான். "எல்லாரும் தப்பில்லைங்கிறாங்க அல்லி. அப்ப அவன் எப்புடிச் செத்தான்?" என்று கேட்டார்கள்.

அதற்குப் பிறகு பேச்சே குறைந்துவிட்டது. பகல் முழுக்க வாய்க்கால் ஓரத்து மோட்டார் கொட்டகையில் போய் உட்கார்ந்திருக்கிறார்கள். டாக்டரிடம் போகலாம் என்றால், எனக்கு என்ன பைத்தியமா என்கிறார்கள். ஊரில் தெரிந்தால் ஓவியாவை நாளைக்கு யார் கேட்டு வருவார்கள் என்று நானும் விட்டுவிட்டேன். அது என் தப்பு.

போன வாரம் கைக்கடிகாரத்தைக் கழற்றி ஓவியாவிடம் கொடுத்து, நீ கட்டிக்கோ என்றார்கள். நிலத்துப் பத்திரம் எந்தப் பெட்டியில் இருக்கிறது என்று என்னைக் கூப்பிட்டுக் காட்டினார்கள். நேற்று மாமனார் காலத்துத் துப்பாக்கியைப் பரணிலிருந்து இறக்கி எண்ணெய் போட்டுத் துடைத்தார்கள். இன்று காலை அதைக் கொட்டகைக்கு எடுத்துப் போனார்கள். பன்றி வருகிறதாம்.

வீடு முழுக்கத் தேடிவிட்டேன். அரிசி டிரம், துணிப்பெட்டி, மாட்டுக்கொட்டகை எல்லாம். ஒரு தோட்டா கூட இல்லை. வாங்கி ஏழெட்டு வருஷம் இருக்கும். தோட்டா இல்லாவிட்டால் அது வெறும் இரும்புதானே அண்ணா? பயப்பட ஒன்றுமில்லைதானே? உங்களுக்குத்தான் தெரியும். பயப்படாதே என்று ஒரு வரி எழுதுங்கள், போதும்.

தங்கை,
அல்லி


அம்பகரத்தூர்
28.12.2024

அன்புள்ள அண்ணனுக்கு,

அங்கே ஓவியா அப்பா இரண்டு வேளையாவது சாப்பிடுகிறார்களா? தூங்குகிறார்களா? உங்கள் காலில் குத்திய முள் எடுத்த இடம் ஆறியதா? இங்கே நானும் ஓவியாவும் பரவாயில்லை.

அன்றைக்கு உங்களிடம் பேச முடியவில்லை. அடுத்த நாளே அவர்களை உங்கள் வீட்டுக்கு அழைத்துக்கொண்டு போய்விட்டீர்கள். அதனால் எழுதுகிறேன்.

பதினெட்டாம் தேதி புதன்கிழமை, பதினொன்றரை மணி இருக்கும். பிள்ளைகளுக்குச் சத்துணவு போட்டுக்கொண்டிருந்தேன். உங்கள் குரல் முதலில் வந்தது, பிறகுதான் நீங்கள் வந்தீர்கள். "அல்லி! மாப்பிள்ளை எங்க? அஞ்சு தோட்டா நான்தான் குடுத்தேன்! அவருகிட்ட அஞ்சு தோட்டா இருக்கு!" தெரு முழுக்கக் கேட்டது. எட்டு மாதமாக யாருக்கும் தெரியக் கூடாது என்று நான் மூடி மூடி வைத்ததை நீங்கள் அரை நிமிஷத்தில் ஊருக்கே சொல்லிவிட்டீர்கள். கையில் என் கடிதம் இருந்தது. அப்போதுதான் தபால்காரர் கொடுத்திருக்கிறார். கடையைக் கூடப் பூட்டாமல் வந்திருக்கிறீர்கள்.

கொட்டகை என்று கை காட்டினேன். நீங்கள் வரப்பில் போகவில்லை, பயிருக்குள் இறங்கிக் குறுக்கே நடந்தீர்கள். நான் பின்னால் ஓடி வந்தேன், என் முழங்காலுக்கு வரப்பு கூட முடியவில்லை. அவர்கள் வாசலில் உட்கார்ந்திருந்தார்கள். மடியில் துப்பாக்கி.

"வராதீங்க மச்சான்" என்று கத்தினார்கள். மூன்று தடவை. எட்டு மாதத்தில் அந்தக் குரலை நான் கேட்டதில்லை. நான் அப்படியே நின்றுவிட்டேன். உங்களுக்குக் கேட்கவில்லை. நீங்கள் பாட்டுக்குச் சேற்றில் செருப்பை விட்டுவிட்டு, விழுந்து, எழுந்து, ஏதோ பேசிக்கொண்டே போனீர்கள். நேராகப் பக்கத்தில் போய் உட்கார்ந்து கையை நீட்டினீர்கள்.

நீங்கள் என்ன பேசினீர்கள் என்று உங்களுக்கே தெரியுமா? அவர்கள் பிறகு என்னிடம் சொன்னார்கள். "மாப்பிள்ளை, பெரிய தப்புப் பண்ணிட்டேன். ஒரு பொண்ணோட ஒரு வருசத்தைக் கெடுத்துட்டேன். எனக்கு யாருகிட்டயும் சொல்ல முடியல" என்று அழுதுகொண்டே வந்தீர்களாம். "தப்புப் பண்ணிட்டேன்னு ஒரு ஆளு வந்து என் பக்கத்துல ஒக்காந்தாரு அல்லி. அதுக்கு மேல எனக்குத் தெம்பு இல்ல" என்றார்கள். சட்டைப் பையிலிருந்து ஐந்தையும் எடுத்து உங்கள் கையில் வைத்தார்கள். நான் வந்தபோது நீங்கள் ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டிருந்தீர்கள்.

எனக்கு உங்கள் மேல் கோபம் இருக்கிறது அண்ணா. மறைக்க மாட்டேன். எதற்கு வந்தார்கள் என்று கேட்டு எழுதினேன். சும்மா வந்தார் என்று எழுதினீர்கள். அந்த ஒரு வரியை நம்பித்தான் வீட்டைத் தேடி, இல்லை என்று நிம்மதியாக இருந்தேன். நானும் நலம் என்று எழுதினேன். அதனால் கோபத்தை யார் மேல் வைப்பது என்று தெரியவில்லை.

டாக்டர் என்ன சொன்னார்? எல்லாவற்றையும் எழுதுங்கள்.
தங்கை,
அல்லி


காரைக்கால்
6.1.2025

அன்புள்ள அல்லிக்கு,

நாங்கள் சுகம். முள் எடுத்த இடம் ஆறிவிட்டது. மாப்பிள்ளை இரண்டு வேளை சாப்பிடுகிறார். நேற்று மூன்றாவது வேளையும். டாக்டர் நல்லவர். இது ஒரு நோய், மருந்து உண்டு, நாள் பிடிக்கும் என்றார். மாத்திரையை அண்ணி கையால் கொடுக்கிறாள். எதிரில் உட்கார்ந்து பேச வைப்பதுதான் டாக்டரின் பெரிய வைத்தியம். மாப்பிள்ளை மருதையனைப் பற்றி ஒரு மணி நேரம் பேசினாராம். துப்பாக்கியை முறைப்படி எழுதிக் கடையில் ஒப்படைத்தாயிற்று. லைசென்ஸையும் திருப்பிக் கொடுக்கப் போகிறார்.

உன் கோபம் நியாயம். அக்டோபர் முதல் தேதி அவர் வந்து, பன்றி தொல்லை, அஞ்சு குடுங்க மச்சான் என்றார். நாலைந்து பன்றிக்கு அஞ்சு எப்படிப் போதும் என்று கேட்டேன். சிரித்தார். "அல்லிகிட்ட சொல்லாதீங்க. காசைக் கரியாக்குறேன்னு கத்தும்" என்றார். பதிவேட்டில் எழுதிக் கையெழுத்து வாங்கினேன். அதற்கு மூன்று வரி மேலேதான் அந்தப் பெண்ணின் ஆர்டரைக் குறித்து வைத்திருந்தேன். ஆயிரத்தைப் பார்த்து இரண்டு நாள் தூங்காதவன், ஐந்தைப் பார்த்துக் காபி வாங்கிக் கொடுத்தேன். என் தங்கை புருஷன், எலும்பும் தோலுமாக எதிரில் நிற்கிறார். அவர் கண்ணை நான் பார்க்கவே இல்லை.

நீயும் ஓவியாவும் பொங்கலுக்கு இங்கே வந்துவிடுங்கள். இந்த வருஷம் பொங்கல் இங்கேதான்.

அன்புடன்,
அண்ணன்


காரைக்கால்
10.2.2025

அன்புள்ள அல்லிக்கு,

மாப்பிள்ளை அங்கே வந்து இரண்டு வாரம் ஆகிறது. எப்படி இருக்கிறார்? அறுவடைக்கு வயலில் போய் நின்றார் என்று அண்ணி சொன்னாள். மாத்திரையை மட்டும் விடாமல் பார்த்துக்கொள். உன் காலுக்கு எண்ணெய் அனுப்பியிருக்கிறேன். நாங்கள் நலம்.

நேற்று ஞாயிற்றுக்கிழமை திருமலைராயன்பட்டினம் போனேன். நாலு மாதம் தள்ளிப்போட்டது. கபீர் பாய் வீட்டு வாசலில் நின்று, உள்ளே வரலாமா என்று கேட்டேன். கதவை இன்னும் கொஞ்சம் திறந்தார். "வாங்க" என்றார்.

எழுதிப் போட்டது நான்தான், மன்னித்துக்கொள்ளுங்கள் என்றேன். அவர் தலையசைத்தார். மன்னித்தேன் என்று சொல்லவில்லை. டீ போடச் சொல்லி உள்ளே குரல் கொடுத்தார். டீக்கு முன்னால் சுஹைனா வந்தாள். கையில் அதே ஃபைல். என் எதிரில் உட்கார்ந்து, என் காதுக்காக மெதுவாகவும் சத்தமாகவும் பேசினாள். யாரோ சொல்லியிருக்க வேண்டும்.

"அங்கிள், இதுல எந்தப் பேப்பர்ல உங்களுக்குச் சந்தேகம் வந்துச்சு? சொன்னீங்கன்னா அடுத்த தடவை சரி பண்ணிக்குவேன்."

குத்திக் காட்டுவதற்காகக் கேட்கவில்லை அல்லி. நிஜமாகவே கேட்டாள். தன் பக்கம் ஏதோ பிழை என்று நாலு மாதமாக அந்தக் காகிதங்களைப் புரட்டிக்கொண்டிருந்திருக்கிறாள்.

"பேப்பர்ல ஒண்ணுமில்லம்மா" என்றேன்.

"அப்ப அதை எழுத்துல குடுங்க. வீட்டுல சோதனை நடந்துச்சுன்னு ஒரு பதிவு இருக்கு. சங்கத்துல ஏன்னு கேக்குறாங்க. என்கிட்ட பதில் இல்ல."

ஒரு வெள்ளைத் தாளும் பேனாவும் கொடுத்தாள். எழுதினேன். இவருடைய காகிதங்களில் குறை எதுவும் இல்லை, எண்ணிக்கை அதிகமாக இருந்ததைப் பார்த்து நான் தவறாகச் சந்தேகப்பட்டுப் புகார் எழுதினேன் என்று. கடையின் பெயர், லைசென்ஸ் எண், கையெழுத்து எல்லாம் போட்டுக் கொடுத்தேன்.

அவள் படித்தாள். தாளை மடிக்கவில்லை.

"எண்ணிக்கை மட்டுந்தானா அங்கிள்?"

கபீர் பாய், "சுஹைனா, விடும்மா" என்றார். அவள் விடவில்லை. கோபமாகவும் இல்லை. பதிலுக்குக் காத்திருந்தாள். உனக்குக் கடிதத்தில் எழுத எனக்கு ஒரு மாதம் ஆனது. இவள் எதிரிலேயே உட்கார்ந்திருக்கிறாள்.

தாளைத் திரும்ப வாங்கினேன். 'எண்ணிக்கை' என்ற சொல்லுக்கு முன்னால், வரிக்கு மேலே, 'பெயரையும்' என்று எழுதி அதற்குப் பக்கத்தில் இன்னொரு கையெழுத்துப் போட்டேன். அவள் அந்த ஒரு சொல்லைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு தாளை ஃபைலில் எல்லாவற்றுக்கும் மேலே வைத்து மூடினாள்.

இதை அதிகாரிகள் பார்த்தால் என் கடைக்கு என்ன ஆகும் என்று கேட்காதே. எனக்கும் தெரியாது. டீ வந்தது. மூன்று பேரும் குடித்தோம்.

புதன்கிழமை மாப்பிள்ளைக்கு டாக்டரிடம் போகிற நாள். காலை ஒன்பது மணிக்கு நானே அங்கே வருகிறேன், மூவருமாகப் போவோம். ஓவியாவுக்கு என் ஆசி.

அன்புடன்,
அண்ணன்
சோமசேகரன்